வாலிபர் ஐக்கியத்தில் "உறவு வேண்டும்" என்கிறார்கள். உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

ஆறுமணிக் கூட்டம் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். வயது 26. இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. போன வருஷம் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன், போய்ச் சேர்வதற்குள் என் பேரை எழுதிவிட்டார்கள்.

சபையில் சுமார் 230 குடும்பம். ஐக்கியத்தின் பதிவேட்டில் 64 பேர். ஞாயிறு மாலை 6 மணிக் கூட்டத்துக்கு வருவது ஒன்பது, பத்து பேர். அதிலும் இரண்டு பேர் கோயிலுக்குப் பின்னால் வாலிபால் வலையைக் கழற்ற வந்து அப்படியே உட்கார்ந்தவர்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் முகாம் நடத்தினோம். வெளியூர்ப் பேச்சாளர், எல்.இ.டி. திரை, நல்ல ஸவுண்ட் செட், மதியம் மட்டன் பிரியாணி. செலவு 48,000 ரூபாய். 112 பேர் வந்தார்கள். கடைசி ஜெபத்தில் பாதிப் பேர் முன்னால் வந்து நின்று அழுதார்கள். நானும் அழுதேன். மூன்று வாரம் கழித்து ஆறு மணிக் கூட்டத்தில் தலையை எண்ணினேன். பதினொன்று.

சேகரக் கமிட்டியில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள வட்டாரம்தான் சேகரம்) கணக்குக் கேட்டார்கள். ஒருவர் டிரம்ஸ் வாங்கினால் பையன்கள் வருவார்கள் என்றார். இன்னொருவர், வராத பையனுக்குக் கல்யாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கும் ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, வாசிக்கக் கூடாது என்றார் (அவர் மகனே வருவதில்லை, அது வேறு விஷயம்). கடைசியில் ஐயர் (எங்கள் போதகர்), "தம்பி, நிகழ்ச்சிகள் போதும். இனி உறவுதான் வேண்டும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். டீ வந்துவிட்டது. கூட்டம் முடிந்தது.

எனக்கு இந்த "உறவு" என்ன என்று பிடிபடவில்லை. நான் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் பில் போடுகிறேன். வீட்டுக்கு வர ராத்திரி எட்டு மணி. கலகலப்பாகப் பேச வராது. கிடார் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் ஐந்தாவதாக நிற்கவே கூச்சப்படுகிறவன். என்னைப் போன்ற ஆள் திங்கட்கிழமை காலையிலிருந்து உண்மையில் எதைச் செய்ய வேண்டும்? "அன்பு காட்டுங்கள்" என்று மட்டும் தயவு செய்து எழுதாதீர்கள்.

கீபோர்டு தம்பி எழுதியது:

பிரதர், முதல் வேலை வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் வசனப் படம் போடுவதை நிறுத்துங்கள். எங்கள் குரூப்பில் 71 பேர், அதில் ஏறக்குறைய எல்லாரும் மியூட். அதற்குப் பதில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆளுக்கு, அவன் பேரைப் போட்டு, அவனுக்கு மட்டும் ஒரு செய்தி. "செமஸ்டர் எப்படிப் போச்சு?" அவ்வளவுதான். பதில் வராவிட்டால் பரவாயில்லை. எனக்குப் பதில் சொல்லாத பையன் ஒருத்தன் நாலு மாதம் கழித்து ராத்திரி போன் பண்ணி ரத்தம் வேண்டும் என்று கேட்டான். அவன் அப்பாவுக்கு ஆபரேஷன். என் நம்பர்தான் அவன் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

டிரம்ஸ் வேண்டாம். எங்களிடம் இருக்கிறது. வாசிக்கிறவன் மட்டும்தான் வருகிறான்.

வசனம் முதலில் எழுதியது:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "உறவு ஊழியம்" என்பது வெளியிலிருந்து வந்த மோஸ்தர். 1941இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஜிம் ரேபர்ன் என்பவர் யங் லைஃப் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன் அவரிடம் ஒரு போதகர், "பக்கத்து உயர்நிலைப் பள்ளிதான் உன் சேகரம், கோயிலுக்கு வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாதிரிச் சொல்லி அனுப்பினாராம். அவரும் விளையாட்டு மைதானத்துக்கே போய்ப் பிள்ளைகளைச் சந்தித்தார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இங்கே வந்து சேரும்போது பப்ஸ், கேம்ஸ், பிறந்தநாள் கேக் என்றாகிவிட்டது. எங்கள் ஐக்கியத்தில் ஒரு வருஷம் முழுக்க "உறவு" வளர்த்தோம். வருஷக் கடைசியில் ஒரு வினாடிவினா வைத்தேன். ரோமரையும் ரூத்தையும் பழைய ஏற்பாடா புதிய ஏற்பாடா என்று பிரிக்கத் தெரியவில்லை. சிநேகம் பிடிக்க வாலிபால் கிளப் போதுமே, சபை எதற்கு?

தேரிமணல் எழுதியது:

செயலாளர் தம்பிக்கு. எனக்கு 62 வயது. திருச்சபை நடத்தும் திருமண்டலப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினான்கு வருஷம் வாலிபர் ஐக்கியம் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்பது வருஷம் தப்பாகப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஐயர் நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வார்த்தையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் பக்கத்துச் சபைகளில் உறவுக்கு எங்கே பஞ்சம்? முன் பெஞ்சில் இருப்பது பெரியப்பா, கொயரில் பாடுவது அத்தை மகள், காணிக்கைப் பை நீட்டுகிறவர் மாமா. கோயிலுக்குள் நுழைந்தால் பாதிப் பேர் சொக்காரர், மீதிப் பேர் சம்பந்தி வீட்டார். பையன்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணமே அதுதான். ஆறு மணிக் கூட்டத்தில் ஒருத்தன் மனசு திறந்து ஒரு தப்பைச் சொன்னால், எட்டு மணிக்கு அவன் அம்மா தோசை ஊற்றும்போது அதைப் பற்றிக் கேட்பாள்.

ஆகவே உறவு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது சிநேகம்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா சொன்னது. அவரைப் பேராயராகத்தான் எல்லாருக்கும் தெரியும். 1912இல் தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான், படம் எல்லா மண்டபத்திலும் தொங்கும். ஆனால் அவர் தொடங்கியது உங்கள் வேலையில். இருபது வயதைத் தாண்டிய கையோடு ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகி, ஊர் ஊராக வாலிபரைச் சந்தித்துக்கொண்டிருந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் அவர் வாலிபர்தான்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. மேடை முழுக்க வெள்ளைக்காரப் பெரியவர்கள். அங்கே போய் நின்று அசரியா என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். முதல் பாதி ஒன்று கொரிந்தியர் 13தான், எந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளையும் சொல்லும். கடைசி வரிதான் ஊசி. அங்கே இருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டினோம், ஆஸ்பத்திரி கட்டினோம், இன்னும் என்ன என்று தோன்றியிருக்கும். அவர் கேட்டது இன்னொரு கட்டடம் இல்லை. சமமாக உட்கார்ந்து பேச ஓர் ஆள்.

உங்கள் 48,000 ரூபாய் முகாமையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பொருளைக் கொடுத்தீர்கள், பிரியாணியும் கொடுத்தீர்கள். குறை சொல்லவில்லை. நானும் போட்டிருக்கிறேன், அப்போது கிச்சடியும் முட்டையும்தான்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பையன் பிளஸ் டூவில் தவறினான். அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் அப்பாவுக்கு பஸ் நிறுத்தத்துப் பக்கம் சைக்கிள் கடை. நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போய், "தம்பி, தோல்வி வெற்றிக்கு முதல் படி" என்று வாத்தியார் பாஷையில் பேசிவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். என் கணக்குப் பரீட்சையில்தான் அவன் தவறினான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் என் சைக்கிள் உண்மையிலேயே பஞ்சர். கடையில் அப்பா இல்லை, இவன்தான் இருந்தான். ஒன்றும் பேசாமல் டயரை நெம்பி டியூபை உருவினான். காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினான். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது, உட்கார்ந்து டியூபின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கே குமிழ் வருகிறது என்று இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தண்ணீரைப் பார்த்தபடியே, "சார், எனக்கு எண்ணெல்லாம் நடுவுல கலங்கிரும் சார்" என்றான். அவ்வளவு நாள் நான் கேட்டுக் கிடைக்காத பதில்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உப்புத்தாளால் டியூபைத் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. சொல்யூஷன் தடவ விடமாட்டான், எனக்குப் பக்குவம் போதாது என்பான். ஏறக்குறைய ஐந்து மாதம் கோயில் என்ற பேச்சே எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று திட்டம் போட்டெல்லாம் இல்லை, பேச வேறு விஷயம் இருந்தது. ஆண்பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்து "மனசில் என்ன?" என்று கேட்டால் பேசமாட்டார்கள். கை ஒரு வேலையில் இருக்க வேண்டும், கண் இன்னொரு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அப்போது பக்கவாட்டில் பேச்சு வரும். தம்பி, உங்களுக்குக் கலகலப்பு வராது என்கிறீர்கள். அது இந்த வேலைக்குத் தடை இல்லை. பேசிக்கொண்டே இருக்கிற தலைவரிடம் எவனும் பேசமாட்டான்.

இப்போது நான் தப்பாகச் செய்த பகுதி.

அந்தச் சைக்கிள் கடை விஷயத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. இருபது பையன்கள் வரை என் வீட்டுத் திண்ணையில்தான் கிடப்பார்கள். டிசம்பரில் கேரல் ரவுண்டு போனால் விடியும்வரை என்னோடு தெருத்தெருவாக வருவார்கள், முடித்துவிட்டு எங்கள் வீட்டில் கருப்புக்கட்டிக் காப்பி. சபையில் எல்லாரும் "சார் இருக்கிறவரை கவலையில்லை" என்றார்கள். எனக்கும் அது இனித்தது. அப்புறம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு பண்டிகைக்குத் திரும்பி வந்தேன். ஐக்கியம் கலைந்திருந்தது. இருபதில் மூன்று பேர்தான் கோயிலில் இருந்தார்கள். ஒரு பையனிடம் கேட்டால், "நீங்க இல்லாம என்ன சார்" என்றான். அதைப் பாராட்டு என்று நினைத்து ராத்திரி வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவிதான், "அப்போ இத்தனை வருஷம் அவங்களை உங்ககிட்டதான் கொண்டுவந்திருக்கீங்க" என்றாள். அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அந்த இருபது பேர் யார் என்று பிற்பாடு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினேழு பேர் எங்கள் தெரு, எங்கள் வகையறா. கிழக்கே இருக்கிற தெருவிலிருந்தும் அதே கோயிலுக்கு வருகிறார்கள், அதே பாத்திரத்தில் நற்கருணை எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் நான் ஒரு தடவைகூடத் தண்ணீர் குடித்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, நானே போகவில்லை. உறவு உறவு என்று பேசினால் நம்மை அறியாமலே சொந்தக்காரனிடம்தான் கால் போகும். தம்பி, பதிவேட்டில் இருக்கிற 64 பேரை எடுத்து, எத்தனை வீட்டுக்குள் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறீர்கள் என்று பேனாவால் புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாத வீட்டிலிருந்து திங்கட்கிழமையைத் தொடங்கலாம்.

"வசனம் முதலில்" சொன்னதற்கு ஒரு வார்த்தை. ரோமருக்கும் ரூத்துக்கும் வித்தியாசம் தெரியாதது வருத்தம்தான், நீங்கள் சொல்வது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அப்போஸ்தலர் 20ஐப் பாருங்கள். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பவுலே பேசினாலும் வாலிபன் தூங்கத்தான் செய்வான், அது நமக்கு ஓர் ஆறுதல். பவுல் பேச்சை நிறுத்தி, கீழே இறங்கிப் போய், அவனை அணைத்துக்கொள்கிறார். அப்புறம் மறுபடி மேலே ஏறி, அப்பம் பிட்டு, விடியும்வரை பேசுகிறார். பேச்சையும் விடவில்லை. ஆனால் இறங்கினார் பாருங்கள். நம் கூட்டங்களில் ஜன்னலோரம் எவன் உட்கார்ந்திருந்தான் என்பதே ஞாயிறு கழிந்துதான் தெரிகிறது.

ஞாயிறு பள்ளி அக்கா எழுதியது:

தேரிமணல் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் பெண்பிள்ளைகள் பக்கமிருந்தும் யாராவது பேச வேண்டும் இல்லையா? அதனால் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் தனித்தனியாகச் செய்தி அனுப்பப் போகிறீர்கள், வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் பதிவேட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். நான் முன்பு இருந்த ஒரு சபையில் எல்லாருக்கும் பிரியமான ஓர் அண்ணன் இருந்தார். நன்றாகப் பாடுவார், நன்றாக ஜெபிப்பார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு "உனக்காக விசேஷமாக ஜெபிக்கிறேன், யாரிடமும் சொல்லாதே" என்று செய்தி அனுப்புவார். அந்தப் பிள்ளை முதலில் என்னிடம்தான் காட்டினாள். நான் பெரியவர்களிடம் கொண்டுபோனேன். "ஊழியத்துக்குக் கெட்ட பேர் வரும், விட்டுவிடு" என்றார்கள். கடைசியில் அந்தக் குடும்பம்தான் சபையை விட்டுப் போனது. அவர் அடுத்த கிறிஸ்துமஸிலும் தாத்தா வேஷம் போட்டார்.

அதனால் என் சபையில் இப்போது நாங்கள் நடப்பது இப்படி. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தால், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பேசுவது. கோயில் திண்ணை, வேப்பமரத்தடி, கதவு திறந்த வகுப்பறை. பைக்கில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு அண்ணன்மார் தனிச் செய்தி அனுப்புவதில்லை, அதற்கு அக்காமார் இருக்கிறோம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் யாருக்கும் எதுவும் இல்லை. முக்கியமாக, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக் கூடியவரிடம் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். ஐயா சொன்ன எட்டு மணி தோசைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. வம்பு பேசுவது வேறு, காப்பாற்றுவது வேறு.

இது வெறும் சபை ஒழுங்கு மட்டும் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் அதுவே குற்றம். ஐயரானாலும் சரி, கமிட்டி மெம்பரானாலும் சரி. பிள்ளைகளே அழைக்க 1098 என்ற எண் இருக்கிறது. எங்கள் ஞாயிறு பள்ளிச் சுவரில் பத்துக் கட்டளைக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த வேலி இருந்தால்தான் தாய்மார் பிள்ளையை நம்பி அனுப்புவார்கள். அப்புறம் தாய்மாரை விட்டுவிட்டு வாலிபர் ஊழியமா? தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதும்போது அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி நினைக்கிறார். ஐக்கியச் செயலாளர் யார் என்று எழுதவில்லை, பாருங்கள்.

ஆறுமணிக் கூட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தேரிமணல் ஐயா சொன்னபடி நேற்று ராத்திரி பதிவேட்டை எடுத்துப் புள்ளி வைத்தேன். 64இல் 14. அந்தப் பதினான்கும் சொந்தக்காரர் வீடு. வெட்கமாக இருந்தது.

அக்கா, நீங்கள் சொன்ன ஒழுங்குகளை அப்படியே எழுதி ஐயரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார். நல்ல வேளை, அதற்கு முன்னால் பெண்பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. 64இல் இருபது பேருக்கு மேல் ஊரிலேயே இல்லை. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், இரண்டு பேர் துபாய். அவர்கள் கடை பெஞ்சில் நான் எப்படி உட்காருவது?

மணியடித்தவன் எழுதியது:

நான் அந்த இருபதில் ஒருத்தன் மாதிரி. உங்கள் ஊர் இல்லை, ஆனால் அதே மாதிரி ஊர். இப்போது பெங்களூரில் ஷிப்ட் வேலை. வழக்கமாக இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன்.

பதினேழு வயதில் அப்பா இறந்துபோனார். அடக்கத்துக்கு ஐக்கியத்திலிருந்து மாலையோடு வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், நோட்டீஸ் போர்டில் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று என் பேரைத் தப்பாக எழுதிப் போட்டார்கள். அதோடு சரி. இரண்டாவது வாரம் யாரும் வரவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் வராமல் இருந்திருப்பார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

கோயிலில் மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கோயில்பிள்ளைத் தாத்தா மட்டும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. "தோள்பட்டை வலிக்குடே, நாளைக்கு முதல் மணி நீ வந்து அடிக்கியா?" என்றார். அவருக்குத் தோள்பட்டை வலியெல்லாம் இல்லை. ஞாயிறு விடியுமுன் போனேன். கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு விட்டு இழுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். விட்டுக் கொடுக்காமல் இழுத்தால் மணி இரட்டையாக ஒலிக்கும், ஊரே சிரிக்கும். அடித்து முடித்ததும் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து வரக்காப்பி குடிப்போம். அப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்றாவது மாதம் நானே சொல்ல ஆரம்பித்தேன். "உங்க அப்பன் சின்ன வயசுல இந்தக் கயித்துல தொங்கி என்கிட்ட அடி வாங்கியிருக்கான்" என்றார். நான் அதுவரை கேட்டிராத கதை.

அவர் வாலிபர் ஊழியம் செய்ததாக எந்த அறிக்கையிலும் வராது. ஆனால் நான் இன்றைக்கும் எந்த ஊரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கோயிலுக்குள் போய் உட்காருகிறேன் என்றால் அந்தக் கயிற்றால்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வெளியூரில் இருக்கிறவனுக்கு வசனப் படம் வேண்டாம். அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போங்கள். அம்மா போனில் சொல்லிவிடுவாள். போன மாதம் எங்கள் அம்மாவுக்கு ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று அலைந்தபோது, எனக்குப் பேர்கூடத் தெரியாத ஒரு பையன் இரண்டு நாள் கூடவே போயிருக்கிறான். தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்ததும் அவனைத்தான் முதலில் தேடினேன். ஐக்கியத்தில் இருக்கிறானாம்.

வசனம் முதலில் எழுதியது:

மணியடித்தவன் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் வினாடிவினாவில் பூஜ்யம் வாங்கிய பையன் ஒருத்தன் இப்போது மூன்று மாதமாக வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. மார்க்கை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

வசனம் வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் யோவான் 15இல் "நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்" என்பதும் வசனம்தான், தேரிமணல் ஐயா அதை மேற்கோள் காட்டாமல் விட்டது எனக்கு ஆச்சரியம்.

தேரிமணல் எழுதியது:

உங்களுக்காகத்தான் விட்டு வைத்தேன்.

செயலாளர் தம்பி, இன்னொன்று. எல்லா 64 பேரையும் நீங்களே சுமக்க வேண்டாம். அது நான் விழுந்த குழி. சபையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். மெக்கானிக், தையல்காரர், ஓய்வு பெற்ற நர்ஸ், பனையேறி. ஒவ்வொருவர் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. எந்தப் பையனுக்கு எந்தப் பெஞ்சு என்று பார்த்து விடுவதுதான் செயலாளர் வேலை. நாளைக்கு உங்களுக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போனாலும் அவன் அந்தப் பெஞ்சில் இருப்பான்.

உங்கள் ஊர் அசனப் பண்டிகை (சபை விருந்து) எப்போது? முந்தின ராத்திரி காய்கறி வெட்ட எத்தனை பேர் வருவார்கள்?

ஆறுமணிக் கூட்டம் எழுதியது:

ஐயா, அடுத்த வியாழக்கிழமை ராத்திரி. கத்தரிக்காய், வாழைக்காய் எல்லாம் சேர்த்து மூட்டைக் கணக்கில் வரும், விடிய விடிய வெட்ட வேண்டும். வழக்கமாகப் பெரியவர்கள்தான் உட்காருவார்கள், பையன்கள் வெளியே ஸவுண்ட் செட் பக்கம் நிற்பார்கள்.

நேற்று புள்ளி இல்லாத ஒரு வீட்டுக்குப் போனேன். கிழக்கு வரிசையில் கடைசி வீடு. பையன் இல்லை, பாட்டிதான் இருந்தார்கள். அவன் சாயல்குடிக்கு லோடு ஏற்றப் போயிருக்கிறானாம். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சங்கக் காணிக்கை போன மாசமே கட்டியாச்சே" என்றார்கள். அதற்காக வரவில்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். நம்பவில்லை. இருந்தாலும் காப்பி போட்டார்கள். கொஞ்ச நேரம் முறத்தில் இருந்த பயறு பொறுக்கிக் கொடுத்தேன். பேச்சு வராததால் கை வேலை எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது, வியாழக்கிழமை ராத்திரி காய் வெட்டப் பேரனை அனுப்புவீர்களா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் தங்கள் தெருப் பிள்ளைகளை யாரும் காய் வெட்டக் கூப்பிட்டதில்லை, பந்தி முடிந்து இலை எடுக்கத்தான் கூப்பிடுவார்கள் என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

இன்று மதியம் அலுவலகத்தில் இருந்தபோது அந்தப் பையனே போன் பண்ணினான். என் நம்பரைப் பாட்டி எங்கிருந்து வாங்கினார்களோ தெரியவில்லை. "அண்ணே, அரிவாள்மனை நாங்க கொண்டு வரணுமா, அங்கேயே இருக்குமா?" என்று கேட்டான். இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. கோயில்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.